பயனெட்டின் வரலாறும் அதன் மேற்குறிகளும்

கல்லிலும் செப்பேட்டிலும் வெட்டப்பட்டவற்றையே சாசனம் என்று கொள்ளுதல் நம்மவர் வழக்கம். இரும்பிலும் சாசனம் உண்டு. அஃது இரண்டு விரலளவு இடத்தில் நான்கைந்து எழுத்தும் சில இலக்கங்களுமாய் அடங்கிக் கிடத்தலின் பலர் கண்ணுக்குப் படுவதில்லை.

பட்டாளத்தில் ஊழியஞ் செய்தாரை முன்னோராகப் பெற்ற குடும்பங்கள் நம்மவருட் பல. அத்தகைய இல்லங்கள் சிலவற்றிலும், பழம்பொருள் விற்பார் கடைகளிலும், துப்பாக்கியின் முனையிற் பூட்டுதற்குரிய நீண்ட கத்தி ஒன்று காணப்படும். அதனைப் பயனெட்டு என்பர். அதனை எடுத்துக் காட்டுவோர் கூறும் கதையும், அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும் செய்தியும் பெரும்பாலும் ஒத்திருப்பதில்லை. கதை நாவிற் பிறந்தது. குறி ஆலையில் அச்சுளி கொண்டு அறையப்பட்டது. இரண்டும் மாறுபடுமிடத்து எதனை நம்புதல் வேண்டும் என்பதையும், அக்குறியை எவ்வாறு படித்தல் வேண்டும் என்பதையும் இங்கே ஒருவாறு கூறப்புகுந்தோம். உலைக்கூடத் தொழிலை நேரில் அறிந்த நேயர்கள் சில இடங்களில் நம்மினும் விரைவில் உண்மையைக் கண்டுகொள்வர்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். பிரெஞ்சு தேசத்தின் தென்மேற்குக் கோடியில் பயோன் என்னும் ஊர் உளது. அவ்வூரினாலேயே இக்கருவி பெயர்பெற்றது என்பர் பலர். இந்துஸ்தானியில் இதனைச் சங்கீன் என வழங்குவர். தமிழிலே துப்பாக்கிச் சனியன் என்றும் எழுதுவதுண்டு. இச்சனியனுக்கும் நவக்கிரகங்களுள் ஒருவராகிய சனி பகவானுக்கும் யாதொரு சம்பந்தமும் இருத்தற்கில்லை; சங்கீன் என்னும் ஒலியே நம்மவர் நாவில் இவ்வாறு திரிந்து நின்றது போலும். எனினும் குத்துண்டவன் எவனும் அப்பெயர் பொருந்தாது என்று வழக்காட வந்திரான்.

முதலில் வழங்கிய பயனெட்டு ஒரு குத்துவாளே. அதன் மரப்பிடி நுனி சிறுத்து, துப்பாக்கிக் குழலின் வாய்க்குள் அடைப்பான் போற் செருகுமாறு கடையப்பட்டிருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் துப்பாக்கியை ஒருமுறை சுட்டபின், மருந்தும் குண்டும் மீளவும் இட்டுக் கெட்டித்தற்கு நேரம் வேண்டும். அந்நேரத்திற் குதிரைப்படை பாய்ந்து வருமாயின் துப்பாக்கிக்காரன் வெறுங்கையனே. ஆதலின் அவனைக் காத்தற்கு நெடிய ஈட்டி பிடித்தவர் உடன் நிற்றல் வேண்டியதாயிற்று. துப்பாக்கியையே ஈட்டியாக்கிவிடின் ஈட்டிக்காரர் வேண்டா என்னும் எண்ணமே இக்கருவியின் பரவலுக்குக் காரணம். ஆனால் அடைப்பானைச் செருகியபின் சுட இயலாது. இக்குறையின் பயன் 1689-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 27-ஆம் நாள் ஸ்காத்லாந்தில் கில்லிக்ராங்கி என்னுமிடத்தில் வெளிப்பட்டது. மலைநாட்டு வீரர் சரிவினின்றும் வாளோடு இறங்கி ஓடிவர, மக்கே என்னும் தளபதியின் துருப்புக்கள் சுட்டுவிட்டுப் பயனெட்டைச் செருக முயன்றனர். செருகி முடிப்பதற்குள் வாள் தலைமேல் விழுந்தது.

இதன் பின்னர்க் குழலின் வாயை அடைக்காமல், குழலைச் சூழ்ந்து கவ்வும் இரும்புக் குழாயொன்றை அடியிற் பெற்ற பயனெட்டு எங்கும் பரவிற்று. அக்குழாயில் நெளிந்த பிளவு ஒன்று உண்டு. துப்பாக்கிக் குழலின்மேல் நிற்கும் சிறு குமிழ் அப்பிளவிற் புகுந்து திரும்பிச் சிக்கிக்கொள்ளும். அலகு பக்கமாக விலகி நிற்றலின், பூட்டியபடியே மருந்திட்டுச் சுடலாம். பிரெஞ்சு தேசத்துக் கோட்டைச் சிற்பியாகிய வோபான் இம்முறையைத் தம் அரசர் படையிற் புகுத்த முயன்றவருள் முதன்மையானவர். பதினெட்டாம் நூற்றாண்டு முழுமையும், அதன்பின்னும் நெடுங்காலம், ஐரோப்பியக் காலாட்படைகளின் பொதுக் கருவி இதுவே. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சிப்பாய்களும் இவ்வகையையே தாங்கினர்.

இதனை நினைவிற் கொண்டால் ஒரு மோசத்தினின்றும் எளிதில் தப்பலாம். 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-இல் வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் எழுந்தபோது, ஆர்க்காட்டினின்றும் விரைந்து வந்த கில்லெஸ்பி என்பான் கயிற்றின் வாயிலாக மதில்மேல் ஏறி, ஆண்டு எஞ்சிநின்ற 69-ஆம் படைப்பிரிவினரைப் பயனெட்டுடன் மதில்வழியே பாயச் செய்தான் என்பது வரலாறு. அன்று அவர் கையில் இருந்தவை மேற்கூறிய குழாய்ப் பயனெட்டுக்கள். அவற்றுக்குக் கைப்பிடி இல்லை. அலகு மூன்று பட்டையாக, ஊசி போன்று இருக்கும். ஆகவே, மரப்பிடியிட்ட தட்டையான கத்தி ஒன்றைக் காட்டி, இது வேலூர்க் கலகத்தில் வழங்கியது என்று ஒருவர் விலை கூறுவாராயின், அதற்குமேல் அவரோடு பேசிப் பயனில்லை.

மூன்று பட்டையைப் பற்றியும் ஒரு பொய் உலவுகிறது. அது செய்த புண் ஆறாது, ஆதலின் கொடுமை கருதியே அவ்வடிவம் கொடுத்தனர் என்பர். வளையாமை வேண்டும், கனமும் கூடாது; இவ்விரண்டையும் ஒருங்கே பெறுதற்கு முப்பட்டை வடிவம் ஏற்றது. அவ்வளவே. பிற்காலத்துத் தட்டையான அலகுகளில் இருபுறமும் ஓடும் நீண்ட குழிவை 'இரத்த வாய்க்கால்' என்று அழைப்பதும் இத்தகையதே. இரத்தம் வடிதற்கும் அக்குழிவுக்கும் தொடர்பில்லை. தண்டவாளத்தின் நடுவுடலை மெலிதாக்கி மேலும் கீழும் தடித்து அமைப்பது எதன் பொருட்டோ, அதன் பொருட்டே இதுவும்: இரும்பு குறையும், உறுதி குறையாது. கொல்லர் எவரைக் கேட்பினும் இதனை ஒரு நொடியிற் கூறிவிடுவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கைப்பிடியுடைய வாட்பயனெட்டு தோன்றிற்று. 1800-இல் இங்கிலாந்தில் ஏற்கப்பட்ட பேக்கர் ரைபிள் குறுகிய குழலுடையது. அதன் குறையை நிரப்ப நீண்ட வாளொன்றை முனையிற் பூட்டினர். அன்று தொட்டு ரைபிள் படைப்பிரிவினர் பயனெட்டை வாள் என்றே வழங்குவர். 'வாளைப் பூட்டு' என்பதே அவர்க்குரிய கட்டளை. பின்னர்த் துருக்கரின் யத்தகான் வாளைப் போல உள்வளைந்து முனை நிமிர்ந்த அலகுகள் வந்தன. பிரெஞ்சுக்காரரின் 1866-ஆம் ஆண்டு மாதிரியான ஷாஸ்போ துப்பாக்கிக்கு உரிய பயனெட்டு இவ்வடிவினது. பித்தளைப் பிடியும், பாம்பு நெளிவது போன்ற அலகும் கண்டு, இதனை ஏதோ ஒரு சிற்றரசரின் உடைவாள் எனக் கருதி வாங்கினோர் உளர்.

இதற்கு அடுத்ததாகிய 1874-ஆம் ஆண்டுக் கிரா மாதிரியைப் பற்றிச் சற்று விரித்துக் கூற விரும்புகிறோம். பழம்பொருட் சந்தையில் இன்று அதிகமாகக் கிடைப்பவற்றுள் இஃது ஒன்று. அலகின் முதுகு தடித்துப் பக்கங்கள் மெலிந்து, குறுக்கே அறுத்துப் பார்ப்பின் ஆணி போன்ற வடிவந் தோன்றும். அம்முதுகின்மேல், கையெழுத்துப் போன்ற சாய்ந்த எழுத்தில், எந்த ஆயுதசாலையில் எந்த ஆண்டில் எந்த மாதத்திற் செய்யப்பட்டது என்பது ஒரு வரியாக வெட்டப்பட்டிருக்கும். ஸேந்த் எத்தியேன், ஷாத்தல்ரோ, துல் என்பன அடிக்கடி காணப்படும் ஊர்ப்பெயர்கள். கல்வெட்டுப் படித்துப் பழகியோர்க்கு இவ்வொரு வரி பெரு விருந்து.

ஆயினும் மாதப்பெயரில் ஒரு சுழி உண்டு. பிரெஞ்சுக்காரர் செப்டம்பரை 7 என்னும் இலக்கத்தாலும், அக்டோபரை 8-ஆலும், நவம்பரை 9-ஆலும், டிசம்பரை ரோமானியர் பத்துக்கு எழுதும் பெருக்கல் வடிவ எழுத்தாலும் சுருக்கி எழுதினர். இதனை அறியாதார் 7 என்பதை ஜூலை என்றும், பத்தை அக்டோபர் என்றும் படித்து இரண்டு மாதம் பிழைப்பர். பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. அக்கணக்கில் செப்டம்பர் ஏழாவது, டிசம்பர் பத்தாவது. அச்சொற்களின் முதனிலைகளும் நம்மவர் அறிந்த சப்தம், அஷ்டம், நவம், தசம் என்னும் வடசொற்களோடு உறவுடையன. ஆகலின் நம் பாடசாலைச் சிறுவர்க்கு இதனை ஒருமுறை கூறினாற் போதும், மறவார். வெள்ளையர் பலர் இதில் இடறுகின்றனர்.

இனி நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் பயனெட்டுக்கு வருவோம். அஃது ஆங்கிலேயரின் 1907-ஆம் ஆண்டு மாதிரி. இதன் பிறப்புக்கு ஒரு கணக்கு உண்டு. பழைய நீண்ட லீ-என்பீல்ட் துப்பாக்கியைக் குறுக்கி, ஏறத்தாழ 5 அங்குலம் நீளங்குறைந்த புதுத் துப்பாக்கியை இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், 1902-1903-இல், ஏற்றனர். குதிரைப்படைக்கும் காலாட்படைக்கும் ஒரே துப்பாக்கி வேண்டும் என்பது அவர் கருத்து. ஆனால் பயனெட்டுப் போரில் எதிரியின் துப்பாக்கி நீண்டதாயின் நம்மவன் எட்டிக் குத்துமுன் அவன் குத்திவிடுவானே என்ற அச்சம் எழுந்தது. அதுவரை அலகு 12 அங்குலம். அதனை 17 அங்குலமாக்கினர். துப்பாக்கியிற் குறைத்த 5 அங்குலத்தைக் கத்தியிற் கூட்டிவிட்டனர்! வடிவத்தை ஜப்பானியரின் 1897-ஆம் ஆண்டு மாதிரியைப் பார்த்து அமைத்தனர். ஜப்பானியப் பயனெட்டைப் போலவே கைகாப்பின் கீழ்ப்புறத்தில் முன்னோக்கி வளைந்த கொக்கி ஒன்றும் வைத்தனர். எதிரியின் அலகை அதிற் சிக்கவைத்து முறுக்கலாம் என்பது எண்ணம். அது பயன்படாமை கண்டு 1913-இல் நீக்கினர். பழையவற்றிலும் பழுதுபார்க்க வரும்போது அறுத்தனர்.

இப்பயனெட்டின் அலகில், பிடியை அடுத்த தட்டையான அடிப்பகுதியில், இருபுறமும் குறிகள் உள. ஒருபுறத்தில் மேலே முடி. அதன்கீழ் அரசர் பெயரின் முதலெழுத்துக்கள். அதன்கீழ் 1907 என்னும் இலக்கம். அதன்கீழ் மாதமும் ஆண்டும். ஈற்றிற் செய்தோர் பெயர். இங்கேதான் மிகப் பலர் மயங்குகின்றனர். 1907 என்பது செய்யப்பட்ட ஆண்டன்று, அம்மாதிரிக்குரிய பெயர். 1918-இற் செய்யப்பட்டதிலும் 1907 என்றே இருக்கும். கீழே '1 18' என்று தோன்றினால் அது நூற்றுப் பதினெட்டு அன்று. 1918-ஆம் ஆண்டு ஜனவரி என்பதாம். சோழர் கல்வெட்டில் மன்னன் பெயரைப் படித்துவிட்டு ஆட்சியாண்டைப் படியாமல் விடுவார் உண்டோ? மேலிருக்கும் பெரிய இலக்கம் கண்ணைக் கவர்தலாற் கீழிருக்கும் சிறிய இலக்கம் மறைந்துவிடுகிறது.

முதலெழுத்துக்களும் காலங்காட்டும். 'ஈ.ஆர்.' என்பது ஏழாம் எட்வர்டு அரசர்க்குரியது. அவர் 1910 மே மாதத்தில் இறந்தார். அதன்பின் வருவது ஐந்தாம் ஜார்ஜுக்குரிய 'ஜி.ஆர்.' ஆகும். செய்தோருள் வில்கின்ஸன், ஸாண்டர்ஸன், சாப்மன், மோல், விக்கர்ஸ் என்பார் தனியார் ஆலைக்காரர்; என்பீல்ட் அரசாங்க ஆலை. விக்கர்ஸ் பெயருடையன அரியன. முதல் உலக யுத்தம் முடிவதற்குள் பிரிட்டனில் இம்மாதிரி ஏறத்தாழ 50 இலட்சம் செய்யப்பட்டன என்று மதிப்பிடுவர். ஆதலின் 'உலகிலேயே இஃது ஒன்றுதான்' என்று கூறும் வியாபாரியிடம் புன்சிரிப்பு ஒன்றே விடை.

மறுபுறத்தில் அகன்ற அம்புக்குறி அரசாங்கச் சொத்து என்பதனையும், பெருக்கற் குறி அலகை வளைத்துச் சோதித்துத் தேறிற்று என்பதனையும் காட்டும். முடியுடன் கூடிய சிறு இலக்கங்கள் பரிசோதகர் இட்டவை. ஓரிரண்டு இலக்கங்கள் தனியே நின்றால், பழுதுபார்த்து மீளவும் படைக்கு வழங்கிய ஆண்டு என்று கொள்க. அம்பின்கீழ் 'ஐ' என்னும் ஒலியுடைய ஆங்கில எழுத்து இருப்பின் இந்திய அரசாங்கத்தின் உடைமை. இரண்டு அம்புகள் முனையோடு முனை பொருந்தி நிற்பின், சொத்துக் கணக்கினின்றும் நீக்கி விற்கப்பட்டது என்பது பொருள். பிடியின் முடிவில் ஊடுருவிச் செல்லும் சிறு துளை 1916-இல் ஏற்பட்டது. அகழிகளின் சேறு பூட்டுப்பள்ளத்தில் அடைத்துக்கொள்ள, அதனைக் குத்தி வெளியேற்றுதற்கு இட்ட துளை அது.

சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் பயின்ற மாணாக்கர் ஒருவர் தம் இல்லத்தில் இருந்த பயனெட்டைக் காண நம்மை அழைத்தார். அவருடைய பூட்டனார் முதல் யுத்தத்தில் மெசொப்பொத்தேமியா சென்று, காலிற் காயம்பட்டு 1916-இல் ஊர் திரும்பினார். திரும்பும்போது ஒரு துருக்கிய வீரனிடமிருந்து பறித்த கத்தியைக் கொண்டுவந்தார் என்பது குடும்ப வரலாறு. ஆண்டுதோறும் ஆயுதபூசையில் அதற்குச் சந்தனமிட்டு வந்தனர். இடையிலே சில காலம் தேங்காய் உரிக்கவும் பயன்பட்டதாம். துருவை மெல்ல எண்ணெயிட்டுத் துடைத்துப் பார்த்தோம். முடி, ஜி.ஆர்., 1907, அதன்கீழ் 10 17, வில்கின்ஸன். மறுபுறத்தில் அம்பும் 'ஐ' எழுத்தும், தனியே 25 என்னும் இலக்கமும். 1917 அக்டோபரிற் பிறந்த கத்தியை 1916-இல் ஒருவர் கொண்டுவருதல் இயலாது. 1925-இலும் அது அரசாங்கப் படைக்கொட்டிலிலேயே இருந்தது.

இதனைக் கூறியவுடன் வீட்டுப் பெரியவர் முகம் வாடிற்று. "வாத்தியார் ஐயா, அப்படியானால் எங்கள் பாட்டனார் யுத்தத்துக்குப் போனதே பொய்யா?" என்றார். அவ்வாறு நாம் கூறவில்லை. கத்தியின் வரலாறு வேறு, மனிதரின் வரலாறு வேறு. பூட்டனார் தாமே அக்கதையைச் சொன்னார் என்பதற்கும் சான்றில்லை. அவர்க்குப்பின் எவரோ ஏலத்தில் வாங்கிய கத்தி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருத்தல் கூடும். வேறு ஏதேனும் பழம்பொருள் உண்டோ என்று வினவினோம். பழைய பொத்தான்களும் செல்லாக் காசுகளும் கிடந்த தகரப்பெட்டி ஒன்று வந்தது. அதனுள்ளே கறுத்துப்போன வெள்ளி வட்டம் ஒன்று; ஒருபுறம் அரசர் தலை, மறுபுறம் குதிரைமேல் ஒரு வீரன், 1914, 1918 என்னும் ஆண்டுகள். பிரிட்டிஷ் யுத்தப் பதக்கம் அது. அப்பதக்கத்தின் விளிம்பைச் சுற்றிப் பெற்றவரின் எண்ணும் பதவியும் பெயரும் படைப்பிரிவும் பொறிப்பது வழக்கம். விளிம்பைத் திருப்பிக் காட்டினோம். பூட்டனாரின் பெயர் அங்கே இருந்தது. சந்தனமிட்ட கத்தி அவரை அறியாது; செல்லாக்காசென்று தள்ளிய வட்டமே அவர்க்குச் சாட்சி. பெரியவர் அதனை நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.

நம்மவர் முன்னோரின் பெருமையை எழுதப்புகும்போது இவ்வேறுபாட்டை நினைத்தல் நலம். பொய்ச்சான்று ஒன்று வெளிப்பட்டால், அதனோடு சேர்த்து மெய்யையும் உலகம் ஐயுறும். 'அந்தக் கத்தியே பொய்யாம்' என்று ஒருவன் நகைத்தபின், பதக்கத்தை எவர் பார்ப்பர்?

1907-க்கு உடன்பிறந்தார் போன்றவை இரண்டு உள. 1913 என்று பொறித்தது வேறொரு துப்பாக்கிக்கு உரியது. அமெரிக்காவில் ரெமிங்டன், வின்செஸ்டர் ஆலைகளில் ஆங்கிலேயர்க்காகச் செய்யப்பட்டது. மரப்பிடியின் குறுக்கே இரண்டு பள்ளக்கோடுகள் வெட்டியிருப்பர். இருளிலே கையாற் றடவி, இது மற்றதன்று என்று வீரன் அறிதற்கு. பின்னர் அமெரிக்கரே யுத்தத்திற் புகுந்து, அதே வடிவத்தைத் தமக்காக்கி 1917 என்று பொறித்தனர். வளையத்தின் உள்விட்டத்தை அளந்தாலும் வேறுபாடு தோன்றும். 1907-இன் வளையம் துப்பாக்கிக் குழலைச் சூழ்வதில்லை, குழலின்கீழ் நீட்டியிருக்கும் சிறு முளையைக் கவ்வுவது. மற்றையது குழலையே சூழ்வது. ஆகவே பயனெட்டை அளப்போர் அலகின் நீளம், மொத்த நீளம் ஆகியவற்றோடு வளையத்தின் உள்விட்டத்தையும் மில்லிமீட்டரில் அளந்து குறித்தல் இன்றியமையாதது. எழுத்தெல்லாம் தேய்ந்தபின்னும் வளையம் பேசும்.

இந்தியாவில் வங்காளத்து ஈஷாபூர் ஆலையிற் செய்தவை 'ஆர்.எப்.ஐ.' என்னும் எழுத்துக்களைத் தாங்கும். அரசர் பெயரோடு 'ஐ' ஒன்று கூடி 'ஜி.ஆர்.ஐ.' என நின்றால், இந்தியச் சக்கரவர்த்தி என்னும் பட்டத்தையும் சேர்த்துப் படிக்க. இரண்டாம் யுத்தத்தில் 17 அங்குலம் வீண் என்று கண்டு, பழைய அலகுகளை 12 அங்குலமாக அறுத்தனர்; புதியனவும் அந்நீளத்திலேயே செய்தனர். புதியனவற்றிற் பலவற்றுக்கு நடுக்குழிவு இல்லை; யுத்தகாலத்து அவசரம் அதற்குக் காரணம். 'என்.டபிள்யூ.ஆர்.' என்னும் எழுத்துடையவை வடமேற்கு இருப்புப்பாதையின் பணிமனையில் ஆக்கப்பட்டவை. இரயில் வண்டி பழுதுபார்த்த கைகள் கத்தி செய்யப் புகுந்தன! இதனினும் வியப்பு, இரண்டாம் யுத்தத்தில் ஆங்கிலேயர் கொண்ட 8 அங்குல ஆணிப் பயனெட்டின் முதல் வகையைத் தையற்பொறிக்குப் பெயர்பெற்ற சிங்கர் நிறுவனம் தன் ஸ்காத்லாந்து ஆலையிற் செய்தது. ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலையிற் செய்த பயனெட்டுக்களின் மரப்பிடிகளிற் சிலவற்றில் டென்னிஸ் மட்டை செய்வோராகிய ஸ்லேஸெஞ்சரின் பெயர் காணலாம்.

ஜெர்மானியருடையவற்றிற் பிடியை அடுத்த முதுகின்மேல் முடியும், வில்ஹெல்ம் அரசரின் முதலெழுத்தும், ஆண்டின் ஈற்றிலக்கம் இரண்டும் இருக்கும். முதுகிலே வாள்போல் அரம் வெட்டியவை உள. மரமறுத்து வழிசெய்யும் படையினர்க்காக ஏற்பட்டவை அவை. புண்ணைக் கொடிதாக்கவே பல்வைத்தனர் என்று நேசநாட்டார் பறைசாற்றியதால், யுத்தத்தின் பிற்பகுதியிற் பலவற்றின் பற்களை அராவி நீக்கினர். ருஷியரின் மோஸின் துப்பாக்கிக்குரிய நான்கு பட்டைப் பயனெட்டு எப்பொழுதும் பூட்டியபடியே இருத்தற்கு உரியது. பூட்டிய நிலையிலேயே குறிபார்க்கும் அளவும் சரிசெய்யப்பட்டது. அதற்கு உறை வழங்காமை இதனால்.

போலிகளைப் பற்றிச் சில கூறுவோம். கொக்கியுடைய 1907 விலைமிக்கது. ஆதலின் கொக்கியில்லாதவற்றிற் புதிதாகக் கொக்கி பற்றவைத்து விற்பர். கீழே உள்ள ஆண்டு 1913-க்குப் பிற்பட்டதாயின் கொக்கி ஐயத்துக்கு உரியது. பற்றவைத்த இடத்தின் நிறமும் அரச்சுவடும் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் போலியினும் மிகுந்த கேட்டைச் செய்வது பளபளப்பு. விற்பவர் சாணைச்சக்கரத்தில் வைத்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்குகின்றனர்; வாங்குவோரும் அதனையே விரும்புகின்றனர். துருவோடு சேர்ந்து முடியும் அம்பும் மாதமும் ஆண்டும் போய்விடும். எஞ்சுவது ஓர் இரும்புக் கத்தி. அதனைப் பற்றி யார் எக்கதையும் கட்டலாம், மறுத்தற்கு ஒன்றும் இராது. செங்கற்பொடியும் புளியும் இட்டுத் துலக்குவதும் கூடாது. மெல்லிய எண்ணெயில் நாட்கணக்காக ஊறவைத்து, துணியாலே துடைத்தாற் போதும். தோலுறையோடு கிடைத்தது பேறே. எனினும் அலகை உறைக்குள் இட்டு வைத்தலாகாது, தோல் ஈரத்தைப் பற்றி இரும்பைத் தின்னும். உறையிலும் பிடியிலும் எண்கள் ஒத்திருக்கின்றனவா என்று முதலிற் பார்க்க.

பழைய இரும்பென்று கருதியதனாற் போனவற்றுக்கு நம் நாட்டிலேயே பெரியதோர் உதாரணம் உண்டு. தஞ்சையில் இரண்டாம் சிவாஜி மன்னர் 1855-இல் இறந்தபின் அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டது. தெரிந்தெடுத்தவை சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச்சாலைக்குப் போயின. எஞ்சிய பெருந்தொகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயிற்று. வால்ஹவுஸ் என்னும் ஆங்கில அதிகாரி 1878-இல் இதனை எழுதிவைத்தமையால் நாம் அறிகிறோம். அவ்வாட்களிலும் ஈட்டிகளிலும் எத்துணைக் கம்மியர் குறிகள் இருந்தனவோ!

ஆகவே பயனெட்டு வைத்திருப்போர் முதலிற் செய்யத்தக்கது மைப்படி எடுத்தல். மெல்லிய தாளைக் குறியின்மேல் வைத்துப் பென்சிலாற் சாய்வாகத் தேய்த்தால் எழுத்து வெண்மையாகத் தோன்றும். அத்தாளை ஒரு குறிப்பேட்டில் ஒட்டி, மூன்று அளவுகளையும், எவரிடமிருந்து எந்நாள் பெறப்பட்டது என்பதனையும் எழுதுக. வீட்டார் கூறும் கதையையும் விடாது எழுதுக; ஆனால் வேறு பக்கத்தில் எழுதுக.

வாங்க விரும்புவோர்க்கு ஒன்று. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தைச் சார்ந்த விதிகளில் பயனெட்டும் பெயர்சுட்டிக் கூறப்பட்டுள்ளது; அரசாங்கம் அறிவித்த இடங்களில் அதனை வைத்திருக்க உரிமம் வேண்டும். நூறாண்டு கடந்த பொருள்களைத் தொல்பொருட் சட்டம் தழுவுமாதலின் அவற்றை அனுமதியின்றி நாடு கடத்தலாகாது. தம் ஊருக்கு எது பொருந்தும் என்பதைக் காவல் நிலையத்திலோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ கேட்டு விடைபெற்ற பின்னரே பணத்தை எண்ணிக் கொடுக்க.